நாலு கலர் டார்ச்சும் ஒரு சீப்புச் செவ்வாழையும்

சுண்டைக்குளத்துக்காரர்களைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதுதான் காரணம். ஆனால் என் சித்தப்பா மகள் பேராச்சியை அந்த ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அதனால் இந்த டார்ச் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

பேராச்சியின் புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். அவள் ஒற்றை ஆளாக ஊருக்குத் தெற்கே இருநூறு செவ்வாழை வைத்தாள். ஒரு வருஷம் தண்ணீர் பாய்ச்சி, காற்றுக்குச் சாயாமல் கம்பு கொடுத்து, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். சுண்டைக்குளத்தில் வேறு யாரும் செவ்வாழை போடுவதில்லை. வெட்டுக்குப் பத்தே நாள் இருக்கும்போது, ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ரெண்டு தாரைக் காணோம்.

ஓட்டமும் நடையுமாக விழிப்புக் குழுவிடம் போனாள். ஊர்க் காவலுக்கென்று அது வேறு ஒன்று இருக்கிறது அந்த ஊரில். நாலு பேர். தலைவர் ஆவுடையப்பன், யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், சில நேரம் அப்படியே தூங்கிவிடுவார். செயலாளர் நம்பிராஜன், எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதனால் வந்த கேடுதான் பாதி. ஊர்ப்பொதுச் சாமான்களுக்குப் பொறுப்பு கோமதிநாயகம். நாலாவது ஆள் பூலுடையார். அவர்தான் உறுப்பினர்கள்.

"மாமா, ராத்திரிக்குத் தோட்டத்துல ஒரு நடை போயிட்டு வாங்க. நான் ஒத்தப் பொம்பள. பத்து நாளு காப்பாத்திக் குடுத்தாப் போதும்," என்றாள் பேராச்சி.

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"திருடன் ராத்திரியில வாரான். ராத்திரி இருட்டா இருக்கு. அப்ப நமக்குத் திருடன் பிரச்சினை இல்ல, இருட்டுதான் பிரச்சினை," என்றார்.

மற்ற மூவரும் அசந்துபோனார்கள். இருட்டைப் பிடித்துவிட்டால் திருடன் தானாக அகப்படுவான் என்று தீர்மானம் எழுதியாயிற்று.

நம்பிராஜனின் போனில் அந்த வாரம் முழுக்க ஒரு டார்ச் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி கறுப்பு டார்ச். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று நாலு கலரில் எரியும். எழுபது சதவீதம் தள்ளுபடி.

"ஒரு டார்ச் விலைக்கு நாலு டார்ச்சு," என்றார் கோமதிநாயகம்.

"நாம நாலு பேரு. கணக்கு சரியா இருக்கு," என்றார் பூலுடையார்.

ஆனால் குழுவென்றால் சும்மாவா? வாங்கியவர்கள் சொன்ன கருத்தெல்லாம் படிக்காமல் வாங்கக்கூடாது என்று ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். நம்பிராஜன் உரக்கப் படித்தார்.

"'என் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார். ஐந்து நட்சத்திரம்.'"

பூலுடையார் முகம் வாடிவிட்டது. "நமக்குக் கணவர் இல்லையே வேய்."

"இருங்க, இன்னொண்ணு இருக்கு. 'இன்றுதான் வந்தது. பெட்டி அழகாக இருக்கிறது. இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.' அதுக்குக் கீழ ஒருத்தர், 'பிரித்தேன். ரெண்டே நாளில் போய்விட்டது. ஒரு நட்சத்திரம்.'"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கவனிச்சீரா?" என்றார் ஆவுடையப்பன், குரலைத் தாழ்த்தி. "பிரிக்காதவன் அஞ்சு போட்டிருக்கான். பிரிச்சவன் ஒண்ணு போட்டிருக்கான். நல்ல சாமான்தான். பிரிக்கிறதுலதான் கெட்டுப்போவுது."

மூன்றாம் நாள் டார்ச் வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை. ஊர்ச்சாவடியில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, சுற்றி நாலு பேரும் உட்கார்ந்து ரெண்டு ராத்திரி காவல் காத்தார்கள். திருட்டு நடக்கிற ஊரில் இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக்கா போக முடியும்? அந்த ரெண்டு ராத்திரியில் தோட்டத்தில் இன்னும் மூன்று தார் போயிற்று.

பேராச்சி வந்து சத்தம் போட்டாள். ஒரு பெண்பிள்ளை இப்படிக் கத்துகிறாளே என்று மனசில்லாமல்தான் பெட்டியைப் பிரித்தார்கள். பிரிக்கும்போது கோமதிநாயகம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஒரு தாளில் எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது. அதுதான் வினை.

"'இதன் ஒளி ஆயிரம் மீட்டர் தூரம் செல்லும்,'" என்று படித்தார் நம்பிராஜன்.

"நில்லும். ஊர் எல்லை எவ்வளவு தூரம்?" என்றார் ஆவுடையப்பன்.

"அறுநூறு மீட்டர் இருக்கும்."

"அப்ப மிச்சம் நானூறு மீட்டர் வெளிச்சம் பக்கத்து ஊருக்குச் சும்மா போவுது. நம்ம டார்ச்சு, நம்ம கரண்டுல சார்ஜு, அவனுக வெளிச்சமா?"

பக்கத்து ஊர் என்றால் எங்கள் ஊர். நாங்கள் இவர்களிடம் ஒரு தீப்பெட்டிகூட இரவல் கேட்டதில்லை. ஆனாலும் பூலுடையார் ஊர்ப்பொது ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்குப் போய், அதை ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச்சைச் சோதித்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. இருட்டில் சோதித்தால் எரிகிறதா என்று எப்படிச் சரியாகப் பார்ப்பது என்று கேட்டார்கள். பூலுடையார் மூன்று மணி வரைக்கும் நின்று, ஒரு சொட்டு வெளிச்சம்கூடத் தாண்டவில்லை என்று வேர்க்க விறுவிறுக்க வந்து சொன்னார்.

தாளில் இன்னும் இருந்தது. சிவப்பு விளக்கு தூரத்தில் இருப்பவர் கண்ணில் படாதாம். பச்சை விளக்குக்கு மிருகங்கள் மிரளாதாம். நீல விளக்கில் ரத்தக் கறை நன்றாகத் தெரியுமாம். நீலத்தைச் சோதிக்க அன்று ஊரில் யாருக்கும் காயம் இல்லை. மூவரும் பூலுடையாரைப் பார்த்தார்கள். பூலுடையார் அவசர வேலை இருக்கிறதென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

"சரி, சோதிச்சாச்சுல்லா. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள் பேராச்சி.

அப்போதுதான் கோமதிநாயகம் எழுந்து நின்றார். இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுண்டைக்குளத்தில் ஊர்ப்பொதுச் சாமான் மூன்று உண்டு: ஓர் அண்டா, ஒரு ஜமுக்காளம், ஓர் ஏணி. யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கு நோட்டில் பேரும் தேவையும் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் தாங்களே எடுக்கக் கூடாது. திருப்பித் தருகிறவர் வெறுமனே தரக் கூடாது. அண்டா என்றால் உள்ளே ரெண்டு படி அரிசியோ நாலு காயோ கிடக்கும். ஏணியைத் திருப்புகிறவர்கூடக் கடைசிப் படியில் ரெண்டு கத்தரிக்காயைக் கட்டித்தான் கொண்டுவந்து சாத்துவார்.

"டார்ச்சு ஊர்ப்பொது. நாங்க எடுக்க முடியாது. யாராவது வந்து கேட்டாக் குடுப்போம். அதான முறை?" என்றார் கோமதிநாயகம்.

"காவல் நீங்கதான மாமா?"

"காவலுக்கு நாங்க இருக்கோம் தாயி. டார்ச்சுக்கு முறை இருக்குல்லா."

பேராச்சி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளே அப்போது கேட்டு வாங்கியிருக்கலாம்தான். கோபத்தில் தோன்றவில்லை.

அன்று பொழுது சாயும்போது திரவியம் என்று ஒருவன் சாவடிக்கு வந்தான். வெளியூர் ஆள். மடித்துக் கட்டிய லுங்கி, கக்கத்தில் ஒரு சாக்கு, இடுப்பில் பண்ணரிவாள். சும்மா தண்ணீர் குடிக்கத்தான் வந்தானாம். முக்காலியில் டார்ச்சைப் பார்த்ததும் கண் அகன்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது வாடகைக்கா?"

"வாடகையா? ஊர்ப்பொது. தேவைன்னாச் சும்மாவே எடுத்துட்டுப் போகலாம். என்ன தேவைன்னு சொல்லும்," என்றார் கோமதிநாயகம், நோட்டைப் பிரித்து.

திரவியம் ஒரு நிமிஷம் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உள்ளதையே சொல்லிவிட்டான். "ராத்திரி கொஞ்சம் வாழைத்தார் வெட்டணும் அண்ணாச்சி."

"ராத்திரியில வெட்டுதீரா? பகல்ல வெயிலு. புத்தியுள்ள ஆளு," என்றார் ஆவுடையப்பன்.

நம்பிராஜன் பொறுப்பானவர் இல்லையா, தாளை எடுத்து விளக்கமாகப் படித்தும் காட்டினார். "வெள்ளையைப் போடாதீரும், ஊரே முழிச்சுக்கும். சிவப்பை வச்சுக்கிட்டா உம்ம பக்கத்துல மட்டும்தான் தெரியும். தூரத்துல ஒருத்தன் கண்ணுல படாது. நாய் கெடந்தாப் பச்சை."

"ரொம்ப உபகாரம்," என்றான் திரவியம். நெஞ்சாரத்தான் சொல்லியிருப்பான். அவன் தொழிலில் இந்த மரியாதையை எங்கே பார்த்திருக்கப் போகிறான்!

காலையில் சொன்ன நேரத்துக்கு டார்ச் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீப்புச் செவ்வாழை. நோட்டில் கையெழுத்துப் போடும்போது கோமதிநாயகம் வழக்கத்தைச் சொல்லியிருந்தாரே, அதை மறக்காத மனுஷன். முதலில் வெட்டிப் பழுக்க வைத்த தாரிலிருந்து எடுத்திருப்பான் போல, நல்ல மணம்.

பழத்தைப் பங்கு வைத்துத் தின்றார்கள். தின்னும்போது பூலுடையாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருக்கு வருஷத்துக்கு ஒன்றுதான் வரும்.

"பழம் ஏன் செவப்பா இருக்கு?"

நாலு பேரும் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ராத்திரி பூரா எந்த லைட்டுல வெட்டுனான்?" என்றார் நம்பிராஜன் மெதுவாக.

"சிவப்புல."

"அப்புறம் பழம் எந்தக் கலருல இருக்கும்?"

இப்படியொரு டார்ச்சை இந்த விலைக்குக் கொடுத்த கம்பெனிக்காரன் நன்றாயிருக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். மஞ்சள் விளக்கு இல்லையே, நாட்டுப்பழத்துக்கு என்ன செய்வது என்று கோமதிநாயகம் விசாரப்பட்டார். நீலத்தில் ஒரு சீப்பு வெட்டிப் பார்க்கலாமென்று பூலுடையாருக்கு ஆசை.

அன்று ராத்திரியும் திரவியம் வாங்கிப் போனான். மறுநாளும் ஒரு சீப்பு வந்தது. ரெண்டு ராத்திரியிலும் நாலு நாலு தார். பேராச்சி எனக்குப் போன் போட்டு அழுதாள். ஒரு வருஷப் பாடு அண்ணே, கண்ணுக்கு முன்னால போவுதே என்று அவள் அழுதபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு பேரையும் அதே ஏணியில் கட்டிவைக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ரெண்டு பேருமாகச் சாவடிக்கு நடந்தோம்.

போனதும் அவள் கண்ணில் பட்டது முக்காலிக்குக் கீழே கிடந்த செவ்வாழைத் தோல்.

"இது என் தோட்டத்துப் பழம்! இந்த ஊருல செவ்வாழை வேற யாருட்ட இருக்கு?"

"நீ வெவரம் தெரியாமப் பேசுதே," என்றார் ஆவுடையப்பன் பொறுமையாக. "இது செவ்வாழை இல்ல. சாதா வாழை. சிவப்பு லைட்டுல வெட்டுனது." பிறகு நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

பேராச்சி நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். 'பெயர்: திரவியம். தேவை: ராத்திரியில் வாழைத்தார் வெட்ட.' ரெண்டு நாளும் அதே கையெழுத்து.

"மாமா, இதைப் படிச்சுமா உங்களுக்கு விளங்கல?"

"விளங்காம என்ன? வெட்டணும்னு சொன்னான், வெட்டியிருக்கான். ஒரு வார்த்தை மாறல. இந்தக் காலத்துல அப்படி ஒரு நேர்மையான ஆளைக் காட்டு பாப்போம்!"

நான் வாயைத் திறந்தேன். பேராச்சி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவள் முகத்தில் அழுகை போய் வேறு ஒன்று வந்திருந்தது.

"சரி மாமா. இன்னைக்கு முதல்ல வந்திருக்கிறது நான். டார்ச்சை எனக்குக் குடுங்க."

"தேவை?"

"விருந்தாளி ஒருத்தர் வாரார். வரவேற்கணும்."

கோமதிநாயகம் எழுதிக்கொண்டார். "வெறுங்கையாத் திருப்பக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"மறக்க மாட்டேன்," என்றாள் பேராச்சி.

அன்று பகல் முழுக்க அவள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். வெட்டப்போகிற வாழைக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். பேசாமல் மடையைத் திறந்துவிடுங்க என்றாள். பொழுது சாயும்போது வரப்புக்கு உள்ளே கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் சேறு.

திரவியம் வழக்கம்போலச் சாவடிக்குப் போயிருக்கிறான். டார்ச் இல்லை. பேராச்சி என்று ஒரு பிள்ளை வாங்கிப் போயிருக்கிறாள், வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்களாம் என்று குழு அவனிடம் மனசு வருந்திச் சொல்லியிருக்கிறது. தோட்டத்துக்காரி விருந்துச் சமையலில் இருப்பாள் என்று அவனுக்கு உள்ளூர ஒரே குஷி. வாடிக்கையாக வருகிறவனை வெறுங்கையோடு அனுப்புவதா என்று டார்ச் வந்த அட்டைப்பெட்டியை ஆவுடையப்பன் எடுத்துக் கொடுத்தாராம். "டார்ச்சை விட இதுக்குத்தான் நல்ல பேரு," என்றும் சொன்னாராம்.

ஒரு கையில் சாக்கு, ஒரு கையில் அட்டைப்பெட்டியோடு அந்த இருட்டில் தோட்டத்துக்குள் இறங்கினான் மனுஷன். நாலாவது எட்டில் 'சொதக்' என்று ஒரு சத்தம். காலை உருவினால் மற்றக் கால் உள்ளே போகிறது. பேராச்சி வெள்ளை விளக்கை நேராக அவன் மூஞ்சியில் அடித்தாள். பொய் சொல்லக் கூடாது, நல்ல வெளிச்சம். மூஞ்சியில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. நானும் அவள் கொழுந்தனும் கம்போடு போய், வாழைநாரால் அவன் கையைக் கட்டி வெளியே இழுத்தோம். "வாங்க விருந்தாளி," என்றாள் பேராச்சி.

விடிந்ததும் அவனை நடத்திக்கொண்டு சாவடிக்குப் போனோம். அவனுடைய கட்டிய கையில் டார்ச்சைச் செருகி, அப்படியே முன்னால் தள்ளினாள் பேராச்சி.

"இந்தாங்க மாமா, உங்க டார்ச்சு. வெறுமனே தரக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா? இதையும் வச்சுக்கோங்க."

போலீஸுக்குச் சொல்லியிருக்கிறது, மத்தியானத்துக்குள் வருவார்கள், அதுவரைக்கும் இவனை அவிழ்க்காமல் வைத்திருங்கள் என்று ஒன்றுக்கு மூன்று தடவை நான் சொன்னேன். பேராச்சி வியாபாரியை ஒரு நாள் முன்னாலேயே வரச் சொல்லியிருந்தாள். லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. நாங்கள் தோட்டத்துக்கு ஓடினோம்.

நாங்கள் போன பிறகு சாவடியில் பெரிய விவாதம். இதுவரை வந்ததெல்லாம் சீப்பு. பிய்த்துப் பங்கு வைக்க முடிந்தது. ஒற்றை ஆளை நாலு பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது?

"ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுல வச்சுக்கலாம்," என்றார் நம்பிராஜன்.

"மாசத்துல முப்பது நாளு. நாலு வாரம் போக மிச்சம் ரெண்டு நாளு யாருக்கு?" என்றார் கோமதிநாயகம்.

"சோறு யாரு போடுறது?" என்றார் பூலுடையார்.

அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த திரவியம் மெல்லக் கனைத்தான். "அண்ணாச்சி, இன்னைக்கு டார்ச்சுக்கு யாராவது பேரு குடுத்திருக்காவளா?"

"இல்லையே."

"அப்ப முதல் ஆளு நான்தான். எனக்கு வேணும்."

"தேவை?"

"ஊருக்குப் போகணும்."

நோட்டை எடுத்துவிட்டார் கோமதிநாயகம். அவிழ்க்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. அதைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போடாமல் ஊர்ப்பொதுச் சாமான் வெளியே போகக் கூடாது, கையெழுத்துப் போடக் கை வேண்டும். அவிழ்த்தார்கள். காலை பதினொரு மணி வெயிலில், பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு, போகிற வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே திரவியம் ஊருக்குப் போனான்.

மத்தியானம் போலீஸ்காரர் வந்து, "எங்கே அவன்?" என்றார்.

"டார்ச்சு வாங்கிட்டுப் போயிருக்காரு சார். காலையில திருப்பிக் குடுத்துடுவாரு. ரெண்டு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்த ஆளு," என்றார் ஆவுடையப்பன். போலீஸ்காரர் ரொம்ப நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

பேராச்சிக்கு மிச்சமிருந்த நூற்று எண்பத்தேழு தாரும் சேதமில்லாமல் லாரி ஏறிவிட்டது. திரவியம் போன கதையைக் கேட்டபோது அவள் கடைசித் தாரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு சிரித்தாள் பாருங்கள், லாரி டிரைவர் பயந்துவிட்டார். அடுத்த வருஷம் சாவடிக்குப் போகவே மாட்டேன், நேராக மடையைத் திறந்துவிட்டுவிடுவேன் என்றாள்.

மறுநாள் காலை நாலு பேரும் பெரிய தாம்பாளத்தை முக்காலியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பச்சை விளக்கோடு போயிருப்பதால் பச்சைப் பழம்தான் வரும் என்று பேச்சு. இன்றைக்கும் தாம்பாளம் அங்கேதான் இருக்கிறது. பூலுடையார் தினமும் துடைத்து வைக்கிறார்.

போன வாரம் கம்பெனியிலிருந்து, டார்ச்சைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று நம்பிராஜனுக்குத் தகவல் வந்திருக்கிறது. குழு கூடி, ரெண்டு நாள் விவாதித்து, ஒரு மனதாக எழுதியிருக்கிறார்கள். நானே போனில் படித்தேன்: 'கொடுத்த விலைக்கு மிக நல்ல பொருள். பழத்துக்கு நல்ல நிறம் கொடுக்கிறது. பேட்டரி அபாரம். மூன்று மாதமாகிறது, இன்னும் ஒரு தடவைகூடச் சார்ஜ் போட வேண்டி வரவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

அதற்குக் கீழே, இந்தக் கருத்து பயனுள்ளதாக இருந்தது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அமுக்கியிருக்கிறார்கள்.

அத்தனை பேர் சொல்லும்போது பொய்யாக இருக்குமா என்று எனக்கும் ஒரு யோசனை. எழுபது சதவீதம் தள்ளுபடி வேறு. ஒன்று வாங்கிவிட்டேன். நல்ல டார்ச்தான். இன்னும் பிரிக்கவில்லை.